பண்பேற்றிய ஒலியும் பண்புடைமையும்

ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய ஒலி உண்டு என்பது தமிழர் பண்டுதொட்டுக் கொண்டிருந்த கொள்கையாகும். தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணியபோது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணினார். பின்வந்த இலக்கண நூலார் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை எனப் பெயர் சுட்டியும் பகுத்தனர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றின் மடியிற் பிறப்பவை கருப்பொருள்கள். ஆகவே, அவர்கள் கருத்துப்படி ஒலி என்பது காற்றில் அலையும் அநாதை அன்று. அதற்குப் பிறந்த ஊரும் வளர்த்த மக்களும் உண்டு.

இக்கொள்கையை இன்று சோதனைக்கு உள்ளாக்கியிருப்பது சிந்தசைசர் என்னும் கருவி. அது எந்நிலத்திற்கும் உரியதன்று. ஆயினும் எல்லா நிலத்து ஒலிகளையும் தருவதாகச் சொல்லிக்கொள்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் சித்தார். மற்றொன்றை அழுத்தினால் தேவாலய ஓர்கன். இன்னுமொன்றை அழுத்தினால் கடல். புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள குறிஞ்சிப்பிட்டி பெயரிற் குறிஞ்சியையும் நிலத்தில் நெய்தலையும் தாங்கி நிற்கும் ஊர். அவ்வூரைச் சேர்ந்த எனக்கு, பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருத்தல் புதுமையன்று. ஆயினும் பெயருக்கும் பொருளுக்கும் உள்ள இடைவெளி எப்போது வெறும் வழக்காகவும் எப்போது குற்றமாகவும் ஆகின்றது என்பது ஆராயத்தக்கது. ஒலிக்கு மெய், பொய் என்பன உண்டா? பிறர் ஒலியை எடுத்தாளுதல் களவாகுமா? இசைப்போர் இன்றி எழும் இசைக்குப் பொறுப்பாளி யார்? இம்மூன்று வினாக்களையும் எதிர்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவியின் இயல்பு

அறவினாவை எழுப்புமுன் பொருளின் இயல்பை அறிதல் முறை. பௌதிகவியலார் இசையொலிக்குச் சுருதி, உரப்பு, பண்பு என மூன்று இயல்புகள் கூறுவர். வீணையும் குழலும் ஒரே சுருதியில், ஒரே உரப்பில் ஒலித்தாலும் இது வீணை, இது குழல் எனச் செவி பிரித்தறிவது பண்பினாலாகும். அப்பண்பு அடிப்படை அதிர்வோடு கூடி ஒலிக்கும் மேற்றொனிகளின் அளவையும், அவை எழுந்து தணியும் முறையையும் சார்ந்தது. பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே 1822 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், சிக்கலான அலைவடிவத்தையும் எளிய அலைகளாகப் பிரித்தறியும் வழியைத் திறந்தது. ஜேர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863 இல் அதனை இசைக்கும் செவிக்கும் பொருத்தி விரித்துரைத்தார். பிரிக்க இயல்வதைத் தொகுக்கவும் இயலும் என்பதே சிந்தசைசரின் அடிப்படைத் தத்துவம்.

1967 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் என்னும் இசையமைப்பாளர், கணினியில் எழுந்த ஓர் ஒலியின் அதிர்வெண்ணை மற்றோர் அலையால் அசைத்துப் பார்த்தார். அவ்வசைவு வினாடிக்கு ஐந்தாறு தடவை நிகழும்போது செவி அதனை நடுக்கமாக உணர்ந்தது; பாடுவோர் குரலில் நாம் கேட்கும் மெல்லசைவு போன்றது அது. வேகத்தை மேன்மேலும் கூட்டி, வினாடிக்கு இருபதைக் கடந்து நூற்றுக்கணக்காக்கியபோது நடுக்கம் மறைந்தது. அதனிடத்தில் முன்னில்லாத ஒரு பண்பு பிறந்தது. அசைக்கும் அலைக்கும் அசையும் அலைக்கும் உள்ள விகிதம் ஒன்றுக்கு ஒன்றாயிருந்து, ஒலி உரக்கும்போது அசைவும் மிகுமாயின் எக்காளத்தின் சாயல் எழும். விகிதம் முழு எண்களில் அமையாது, ஒலி சடுதியாய் எழுந்து மெல்லத் தேயுமாயின் மணியோசை கேட்கும். சௌனிங்கின் ஆய்வுக்கட்டுரை 1973 இல் வெளிவந்தது. ஜப்பானின் யமஹா நிறுவனம் அம்முறையின் உரிமத்தைப் பெற்று, 1983 இல் டீஎக்ஸ் 7 என்னும் கருவியை வெளியிட்டது. ஆறு எளிய அலைகளை 32 வகையாக ஒன்றன்மேல் ஒன்றேற்றி இணைக்கும் வாய்ப்பை அது சாதாரண இசைஞர் கையிற் கொடுத்தது.

இங்கே தத்துவ மாணவர் ஒருவர் நின்று நோக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. மாற்றப்பட்டது அளவு மட்டுமே. ஆனால் விளைந்தது வகை வேறுபாடு. நடுக்கம் எந்தக் கணத்தில் நாதப்பண்பாயிற்று எனக் கோடு கிழித்துக் காட்ட இயலாது. ஆயினும் இரண்டும் வெவ்வேறு என்பதில் ஐயமில்லை. தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தார் இச்செயலைப் 'பண்பேற்றம்' என்றனர். பண்பு என்னும் ஒரே சொல் ஒலியின் இயல்பையும் மனிதரின் ஒழுக்கத்தையும் குறிப்பது நம் மொழியின் பேறு. ஒலிக்குப் பண்பை ஏற்றுவோரிடம் பண்புடைமையை எதிர்பார்ப்பது ஆகவே மிகையாகாது.

பொய்மை என்னும் குற்றச்சாட்டு

செயற்கை ஒலிமீது முதலிற் சுமத்தப்படும் பழி அது பொய் என்பது. இப்பழி புதிதன்று. ஹார்மோனியம் 1940 ஆம் ஆண்டு தொடக்கம் அகில இந்திய வானொலியில் விலக்கப்பட்டிருந்தது; 1971 இலேயே அத்தடை தளர்த்தப்பட்டது. கட்டைகளில் நிலைத்துவிட்ட சுரங்கள் நம் இசையின் கமகத்தையும் நுண்சுருதியையும் தாங்கமாட்டா என்பது அன்று கூறப்பட்ட காரணங்களுள் தலையானது. அக்காரணத்தில் உண்மை இருந்தது. ஆனால் அது கருவியின் ஆற்றலெல்லையைப் பற்றிய குறையேயன்றிப் பொய்மையைப் பற்றியதன்று. முடவன் ஆடமாட்டான் என்பதால் அவன் பொய்யனாவதில்லை.

தோலும் மரமும் நரம்பும் இயற்கை. மின்னும் எண்ணும் செயற்கை என்னும் பாகுபாடும் ஆராய்ந்தால் நிற்பதில்லை. சேர் சி. வி. இராமன் 1920 ஆம் ஆண்டளவில் நம் இசைக்கருவிகளை ஆராய்ந்து கூறியவற்றை இங்கு நினைவுகூரலாம். இழுத்துக் கட்டிய வெறுந்தோலின் மேற்றொனிகள் ஒன்றோடொன்று இயையாதவை. ஆகவே வெறுந்தோல் முழங்குமேயன்றிச் சுருதி சேராது. மிருதங்கத்தின் நடுவே படிப்படியாகப் பூசப்படும் கருஞ்சாந்து தோலின் பாரத்தை மாற்றி, அம்மேற்றொனிகளை இயைபுக்குக் கொணர்கிறது. தம்புராவின் குதிரையில் நரம்புக்கடியிற் செருகப்படும் சிறு நூலிழை, நரம்பு குதிரையைத் தொட்டு விலகும் முறையை மாற்றி மேற்றொனிகளைப் பெருக்குகிறது. அந்நூலிழைக்கு இசைஞர் இட்ட பெயர் 'ஜீவா'. உயிர் என்று நாம் உருகிக் கேட்பது ஒரு பருத்தி இழையின் தந்திரம்! ஆகவே, மிருதங்கத்தையும் தம்புராவையும் ஆக்கிய கைவினைஞரும் அலைவடிவத்தைத் திருத்தி அமைத்தவர்களே. அவர்கள் நிரலை எண்களில் எழுதவில்லை. சாந்திலும் நூலிலும் எழுதினார்கள்.

சைவசித்தாந்தம் பயின்றோர் காரணத்தை முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என மூன்றாகப் பகுப்பர். குடத்திற்கு மண் முதற்காரணம், திகிரி துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். செயற்கை ஒலியைப் பழிப்போர் மரத்தையும் தோலையும் முதற்காரணமாகக் கருதி மயங்குகின்றனர். இசைக்கு முதற்காரணம் அதிர்வே. மரமும் தோலும் மின்சுற்றும் திகிரி போன்றவை. திகிரி மாறியமையால் குடம் பொய்க்குடம் ஆகிவிடாது. பொய்மைக்கு இடமிருக்குமாயின் அது குயவன்பாலே இருத்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் சிந்தசைசரில் பொய்யே இல்லையா? உண்டு. ஒலி எதனையும் கூறுவதில்லை. ஆகவே ஒலி பொய்யுரைக்கவும் இயலாது. ஆனால் ஒலிக்கு இடும் பெயர் ஒரு கூற்று, கூற்று பொய்யாகலாம். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே முறையில் இயங்கும்பொருட்டு 1991 இல் 'ஜெனரல் மிடி' என்னும் பொதுமுறை வகுக்கப்பட்டது. அதில் 128 ஒலிகளுக்கு நிலையான எண்கள் உள்ளன. 105 ஆவது சித்தார். 112 ஆவது ஷெனாய். வீணை இல்லை, நாகசுரம் இல்லை, தவில் இல்லை. 123 ஆவது ஒலியின் பெயர் கடற்கரை. 128 ஆவது, இறுதியானது, துப்பாக்கி வெடி.

123 ஆம் எண்ணைக் கேட்டவர் அறிவர்: பெரும்பாலும் அது இரைச்சலலையின் உரப்பை மெதுவாக ஏற்றியிறக்கிப் பெறும் ஓசை. அதனை ஓர் ஓசையென ஏற்பதில் தடையில்லை. ஆனால் எந்தக் கடற்கரை என்று கேட்டால் விடையில்லை. கற்பிட்டிக் குடாநாட்டின் ஒருபுறத்துக் களப்பில் நீர் கரையை நக்கும் ஓசை வேறு. மறுபுறத்துப் பெருங்கடலில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது அலை உடையும் ஓசை வேறு. இரண்டும் ஒரே எண்ணுக்குள் அடங்கும்போது நெய்தல் என்னும் முதற்பொருள் அழிந்து பெயர் மட்டும் மிஞ்சுகிறது. வள்ளுவர் வாய்மையைச் சொல்லின் பொருத்தத்தால் மட்டும் அளவாது அதன் பயனாலும் அளந்தார். அவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், இப்பெயரின் குற்றம் இது: தன் கடலைக் கேட்டறியாத ஒருவனுக்கு, கேட்டுவிட்டோம் என்ற நிறைவை அது தந்துவிடுகிறது. செயற்கையாயிருத்தல் குற்றமன்று, கேள்வியை முடித்துவைத்தல் குற்றம்.

கடன் என்னும் வினா

இரண்டாவது வினா கடனைப் பற்றியது. ஒலியை அமைப்பதற்கு இருவழிகள் உள. ஒன்று, மேற்கூறியவாறு அலைகளைக் கணக்கிட்டுத் தொகுத்தல். மற்றது, ஒருவர் இசைத்ததைப் பதிந்து, துண்டாக்கி, எண்களாகச் சேமித்து, வேண்டுமிடத்து ஒலிக்கவிடுதல். அவுஸ்திரேலியாவில் உருவாகி 1979 இல் வெளிவந்த ஃபெயர்லைட் என்னும் கருவி இவ்விரண்டாம் வழியைப் பரவச் செய்தது. முதல்வழி பொதுமையை எடுத்துக்கொள்கிறது. இரண்டாம்வழி ஒருவரின் மூச்சையும் கையையும் எடுத்துக்கொள்கிறது.

'த வின்ஸ்ரன்ஸ்' என்னும் அமெரிக்கக் குழு 1969 இற் பதிவுசெய்த ஒரு பாட்டில் கிரெகரி கோல்மன் என்ற முரசிசைஞர் சில வினாடிகள் தனியே வாசித்தார். பிற்காலத்தில் அச்சிறுதுண்டு ஆயிரக்கணக்கான இசைத்தட்டுகளில் எடுத்தாளப்பட்டது. கோல்மனுக்கு அதனால் ஒரு சதமேனும் கிடைக்கவில்லை. 2006 இல் அவர் வீடற்றவராய் இறந்தார். சட்டம் இதனை எவ்வாறு வகுப்பினும், அறம் இதனைக் கடன் என்றே கூறும்.

ஆயினும் அமெரிக்காவைச் சுட்டுவதோடு அமைதல் எளிது. நம்மிடையே நோக்குவோம். மிருதங்கத்தின் கருஞ்சாந்தை வியந்தோம். தோலைப் பதப்படுத்தி, பூட்டி, சாந்து பூசிச் சுருதி சேர்த்த கைகள் யாருடையவை? டி. எம். கிருஷ்ணா 2020 இல் வெளியிட்ட 'செபஸ்தியன் அன்ட் சன்ஸ்' என்னும் நூல், தமிழகத்து மிருதங்கம் செய்வோர் பலர் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தினர் என்பதையும், அவர்களது அறிவு மேடையில் நினைக்கப்படாது போனதையும் விரித்துரைக்கிறது. தோலில் நிரலெழுதியவரைத் தீண்டாமையால் தள்ளிவைத்த சமூகம், சிலிக்கனில் நிரலெழுதியவரை அறிஞரென்று போற்றுகிறது. இருவரும் செய்தது ஒரே தொழில். கருவிகளின் வேறுபாடு நம் மதிப்பின் ஏற்றத்தாழ்வுக்கு நியாயமாகாது.

எங்கள் மாவட்டத்திலேயே மற்றோர் எடுத்துக்காட்டு உண்டு. புத்தளத்தையடுத்த சிரம்பையடியில் ஆபிரிக்க வழிவந்த மக்கள் வாழ்கின்றனர். போர்த்துக்கேயர் முதலிய குடியேற்றவாதிகளால் இத்தீவுக்குக் கொணரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். 'மஞ்சா' எனப்படும் அவர்களது பாட்டு, போர்த்துக்கேயக் கிரியோல் மொழிச் சொற்களையும் ஆபிரிக்கத் தாளத்தையும் காத்து நிற்கிறது. 1940களில் வாலி பஸ்டியன் 'கஃபிரிஞ்ஞா' தாளத்திற் சிங்களப் பாடல்களை அமைத்தமை, பைலா இலங்கை முழுவதும் பரவ வழிகோலியது. இன்று மணவீடுகளிலும் கேளிக்கைகளிலும் கீபோர்ட் இசைப்போர் விரலை வைத்ததும் எழுவது அத்தாளமே. ஆடுவோரில் எத்தனைபேர் சிரம்பையடியின் பெயரை அறிவர்?

இவ்வெடுத்துக்காட்டு கடனை நினைவூட்டுவதோடு, நாம் தொடக்கத்திற் கொண்ட கொள்கையையும் திருத்துகிறது. ஒலிக்கு நிலம் வேண்டுமென்றோம். இம்மக்களின் முன்னோர் நிலத்தை இழந்தனர், மொழியையும் பெரிதும் இழந்தனர், தாளத்தை இழக்கவில்லை. 1990 ஒக்ரோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் மிகப் பலர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வந்து தங்கினர். அவர்களும் கொண்டுவர முடிந்தவற்றுள் பாட்டும் பேச்சின் ஓசையும் அடங்கும். ஆகவே நிலம் நீங்கியும் ஒலி வாழும். மக்கள் நீங்கினால் வாழாது. ஒலியின் உண்மையான முதற்பொருள் மண்ணன்று. அதனைத் தமதென்று ஏற்று, தலைமுறைக்குத் தலைமுறை கேட்டுக் கொடுக்கும் மாந்தரே. நிலமற்றது என்பதற்காகச் சிந்தசைசரை விலக்கினால், நிலமிழந்தோரின் இசையையும் விலக்கவேண்டிவரும். அது அறமாகாது.

ஆளில்லா ஒலி

மூன்றாவது வினாவே மிகக் கடியது. கோயில்கள் சிலவற்றில் மின்விசையால் இயங்கும் மேளமும் மணியும் பூசைவேளையில் தாமே முழங்குகின்றன. தவில்காரர் இல்லை; மணியசைப்போர் இல்லை. பொத்தானை அழுத்தியவர் வேறு வேலை பார்க்கச் சென்றுவிடுகிறார். இங்கே ஒலி உண்டு. முதற்காரணமும் துணைக்காரணமும் உண்டு. நிமித்தகாரணம் மட்டும் இல்லை. வழிபாடு என்பது ஒருவர் தம்மைக் கொடுத்தல் என்றால், கொடுப்போர் இல்லாத கொடை எத்தகையது?

எதிர்ப்போர் கூறுவர்: ஊதியம் கொடுத்துக் கலைஞரை அமர்த்தப் பொருளில்லாத சிற்றூர்க் கோயில் யாது செய்யும்? மௌனத்தினும் இயந்திர ஒலி மேலன்றோ? இது புறந்தள்ளத்தக்க வாதமன்று. வறுமை அறத்தின் அளவைக் குறைக்காவிடினும் பழியின் அளவைக் குறைக்கும். ஆயினும் பொருளிருந்தும் இயந்திரத்தை நாடும் இடங்கள் உள என்பதையும், இயந்திரம் வந்த இடத்தில் தவில் கற்க ஒரு சிறுவனும் முன்வரான் என்பதையும் மறத்தல் கூடாது. தொழிலிழப்பு ஒரு தலைமுறையின் துயர். கேள்வியிழப்பு எல்லாத் தலைமுறைக்கும் உரிய துயர்.

இதனையே கீபோர்ட்டுக்கும் பொருத்திப் பார்க்கலாம். அதிலுள்ள முன்னமைத்த ஒலிகளை மட்டும் அழுத்துபவர், எங்கோ ஒரு தொழிற்சாலையில் ஒருவர் கேட்டு முடித்ததைத் திரும்ப ஒலிக்கிறார். அவரும் இசைஞரே, சுரத்தையும் தாளத்தையும் அவர் தெரிகிறார். ஆனால் ஒலியின் பண்பைப் பொறுத்தவரை அவர் தம் செவியைப் பிறருக்கு ஒப்படைத்துவிட்டார். மாறாக, நிரலைத் திறந்து அலைவடிவத்தைத் தாமே அமைக்க முனைபவர் நிலை யாது? நாகசுரத்தை ஒத்த ஒலியை ஆக்க விரும்பும் ஒருவர் முதலில் நாகசுரத்தைக் கேட்கவேண்டும். அதுவும் நூறுமுறை கேட்கவேண்டும். சீவாளியில் மூச்சுப் படும் முதற்கணத்தில் எழும் கரகரப்பு யாது? ஒலி உரக்கும்போது எந்த மேற்றொனி முந்துகிறது? அசைவு தொடக்கத்திலேயே வருகிறதா, நின்று பின் வருகிறதா? பதிந்த ஒலியின் தொடக்கத்தை வெட்டி நீக்கிவிட்டால் இன்ன கருவியெனக் காண்பது கடினமாகிவிடும் என ஆய்வாளர் கண்டுள்ளனர். ஒலியின் அடையாளம் அதன் பிறப்பில் உள்ளது. இவற்றையெல்லாம் எண்ணிக் கேட்பவர் இறுதியில் நாகசுரத்தை முற்றாகப் பெறமாட்டார். ஆனால் நாகசுரக்காரர் செய்வது எத்துணை அரிது என்பதைப் பெறுவார். நிரலிடல் அவருக்குக் கேள்விப் பயிற்சியாகிறது. அக்கேள்வியிலிருந்து பணிவு பிறக்கிறது.

செவியின் கடமை

இவ்வகைப் பணிக்கு நம் நாட்டிலேயே ஒரு முன்னோடி உண்டு. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரான விபுலாநந்த அடிகள் 1947 இல் வெளிவந்த 'யாழ் நூல்' வழியாக, வழக்கொழிந்த யாழ்களின் நரம்பையும் சுரத்தையும் கணக்கிட்டு மீட்க முயன்றார். அவர் கையில் யாழ் இல்லை. சிலப்பதிகாரமும் உரைகளும் கணிதமும் இருந்தன. எண்ணிலிருந்து நாதத்தை அழைத்த அவரை எவரும் பொய்யரென்று கூறார். ஏனெனில் தாம் எதனைச் சான்றாகக் கொண்டார், எங்ஙனம் கணக்கிட்டார் என்பவற்றை அவர் வெளிப்படையாக வைத்தார். பாணர்க்குப் பட்ட கடனையும் மறந்தாரல்லர். இன்றைய சிந்தசைசர் அவருக்குக் கிடைத்திருப்பின் அதனை அவர் வெறுத்திருக்கமாட்டார் என்றே எண்ணத் தோன்றுகிறது.

ஆகவே, நாம் கண்ட மூன்று வினாக்களுக்கும் விடைகளை ஒருங்கே கூறலாம். செயற்கை ஒலி தன்னளவிற் பொய்யன்று. தன் பிறப்பை மறைத்து, கேட்போரின் கேள்வியை முடித்துவைக்கும்போது அது பொய்க்குத் துணைபோகிறது. எடுத்தாளுதல் தன்னளவிற் களவன்று. எடுக்கப்பட்டோரின் பெயரையும் பங்கையும் மறுக்கும்போது களவாகிறது. இயந்திரம் தன்னளவில் ஆளை விரட்டுவதில்லை. ஆள் தன் செவியை விட்டு நீங்கும்போதே இயந்திரம் அவ்விடத்தை நிரப்புகிறது.

இவ்விடைகள் நம்மீது ஒரு கடமையைச் சுமத்துகின்றன. 128 ஒலிகளின் பட்டியலில் வீணையும் நாகசுரமும் இடம்பெறாமைக்குப் பிறரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. சித்தாரின் பெயரையேனும் உலகம் கேட்டிருந்தது. எங்கள் ஒலிகளை உலகம் கேட்குமாறு நாம் என்ன செய்தோம்? கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டு இயந்திரங்கள் பெருகப் பெருக மெலிந்துவருகிறது. ஒருவர் எடுக்க மற்றவர் தாங்கும் அப்பாட்டின் ஓசை, வலையின் பாரத்தோடு ஏறியிறங்குவது. உடலுழைப்பே அங்கே பண்பேற்றம் செய்கிறது. களப்பின் ஓசையும் கடலின் ஓசையும் ஒன்றல்ல என்பதைச் செவியால் அறிந்த முதியோர் இன்றும் நெய்தற் கரையில் உள்ளனர். அவர்களிடம் சென்று, ஒப்புதல் பெற்று, பதிந்து, பெயரிட்டு, அலைவடிவத்தை ஆராய்ந்து, எண்ணிலும் எழுத்திலும் வைத்தல் கலைப்பீட மாணவருக்கும் விஞ்ஞானபீட மாணவருக்கும் பொதுவான பணியாகும். ஒருவர் பாட்டின் பொருளை அறிவார்; மற்றவர் அலையின் வடிவை அறிவார். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தாலன்றி இப்பணி நிறைவுறாது.

123 ஆம் எண்ணின் கீழ் உள்ள கடற்கரை யாருடையதென்று அறியோம். நம் கரைக்கு ஓர் ஒலியை நாமே அமைக்கும் நாளில், அதனருகே ஊரின் பெயரையும், பாடியோரின் பெயரையும், நாம் செய்த மாற்றங்களையும் எழுதிவைப்போமாக. அத்தகைய ஒலி மின்னிற் பிறப்பினும் அதற்கு ஊர் உண்டு, உரியோர் உண்டு, பொறுப்பேற்போரும் உண்டு.